வக்கார் பாயின் முக மலர்ச்சி

ஊரில் யாராவது இறந்துவிட்டதாகப் போன் வந்தால் வக்கார் அகமதுவின் முகம் மலரும். அவருடைய மனைவி நசீமுன்னிசாவைத் தவிர வேறு யாரும் இதைப் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் அவர் முகத்தைச் சரிசெய்துகொண்டுவிடுவார். சாவு வீட்டுக்குள் அவரைப் போலத் தலையைத் தொங்கப்போட்டு நுழைய ஆம்பூரிலேயே ஆள் கிடையாது. ஆனால் போனைக் காதில் வைத்த அந்த முதல் கணம் இருக்கிறதே, அது சமையலறை வாசலில் நிற்கிற நசீமுன்னிசாவுக்கு மட்டும் உரியது. மகள் உமைமா பிறந்தபோதுகூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

அன்று காலையும் அப்படித்தான். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தவர் போன் மணி கேட்டதும் கையை நிறுத்தினார். வாய் முறைப்படி துஆவை முணுமுணுத்தது. கண் மட்டும் வேறு எதையோ சொன்னது.

"எந்த வீடு? ரெட்டித்தோப்பா? குளிப்பாட்ட வெந்நீர் மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்க. தோ, கிளம்பிட்டேன்."

பாதி இட்லி தட்டில் கிடந்தது. ஆணியில் மாட்டியிருந்த ரெக்சின் பையை எடுத்து ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார். கையுறை, கற்பூரம், கத்தரிக்கோல், சோப்பு, அத்தர். எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு நசீமுன்னிசா முகப்பறைக் கட்டிலில் உட்கார்ந்தாள். துப்பட்டாவுக்குள் கையை விட்டு இடது மார்பைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி அங்கேயேதான் இருந்தது. ரம்ஜான் பிறக்கும் முன் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது அது. அப்போது கொண்டைக்கடலை அளவு. பக்ரீத் வந்து போய்விட்டது. இப்போது எலுமிச்சம்பழம்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயந்தவள் இல்லை அவள், கத்திக்கும் பயந்தவள் இல்லை. மகளுக்குச் சொன்னால் மகள் அப்பாவுக்குச் சொல்வாள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். சொன்ன அந்த முதல் கணத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டால்? அதைப் பார்த்த பிறகு பிழைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த மனிதர் இப்படிப் பிறந்தவர் இல்லை. நல்லவர். இப்போதும் நல்லவர்தான், அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் டேனரியில் செலக்டர் வேலை பார்த்தவர் வக்கார் அகமது. பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோல்கள் மேஜையில் அடுக்கடுக்காக வந்து விழும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றின் மேலும் வலது கட்டைவிரலை உருட்டுவார். முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட். அவர் ஒதுக்கிய தோலை முதலாளியே திரும்ப எடுத்துப் போடமாட்டார். "தோல் பேசும் நசீமா, நாமதான் கம்முனு இருந்து கேக்கணும்" என்று பெருமை அடித்துக்கொள்வார். உப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி என்பது தவிர அவர் வீட்டில் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

பிறகு டேனரி மூடப்பட்டது. "வயசாய்டுச்சு பாய், இனிமே ரெஸ்ட் எடுங்க" என்று முதலாளி மகன் கையைக் குலுக்கி அனுப்பிவைத்தான். ரெஸ்ட் எடுத்தார். கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்ப்பதுதான் அந்த ரெஸ்ட். காலையில் பார்க்க ஆரம்பித்தால் சாயந்திரம் வரைக்கும் பார்ப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். குளிப்பதற்கே கெஞ்ச வேண்டியிருந்தது.

ஒருநாள் பால் வாங்கப் போனவள் சீக்கிரம் திரும்பி வந்தாள். அவர் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். விசிறி ஓடவில்லை.

"இன்னா பண்றீங்க?"

"ஃபேன் தொடைக்கிறேன்."

அவர் கையில் இருந்தது அவளுடைய பழைய துப்பட்டா. விசிறி துடைக்கிறவன் துணியை யாராவது கயிறு மாதிரி முறுக்குவானா? அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்து, "நான் எதுக்கு நசீமா இருக்கேன்?" என்று கேட்டார். கோபமாகவோ அழுதோ கேட்கவில்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார். எனக்காக இருங்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது, வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். அன்றிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் அவள் கேட்டது ஒன்றுதான். யா அல்லாஹ், இந்த மனுஷனுக்கு உயிரோடு இருக்க ஒரு காரணம் கொடு.

கேட்டது கிடைத்தது. கேட்கும்போது இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேட்டிருக்கலாம் என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது.

கொரோனா இரண்டாம் முறை ஊருக்குள் வந்தபோது, சாவுக்குப் போகப் பெற்ற பிள்ளைகளே நடுங்கினார்கள். செல்போன் கடை வைத்திருந்த ஷபீ அஹமது சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு, மய்யித்துகளை அடக்கம் செய்ய ஆள் தேடித் தெருத்தெருவாக வந்தான். இவர்கள் வாசலிலும் நின்றான். வக்கார் அகமது கட்டிலைவிட்டு எழவே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து நசீமுன்னிசாதான் பேசினாள்.

"தம்பி, இவரைக் கூட்டிட்டுப் போங்க."

போனார். முதல் நாள் தூக்கியது சௌந்தரத்தை. டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டிய பச்சையப்பனின் பெண்டாட்டி. சொந்தக்காரர் ஒருத்தர்கூடத் தெருமுனையைத் தாண்டி வரவில்லை. நான்கு முஸ்லிம்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், பச்சையப்பன் பின்னால் தனியாக நடந்தான். எல்லாம் முடிந்த பிறகு அவன் சுடுகாட்டு மண்ணிலேயே விழுந்து வக்கார் அகமதுவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அன்று வீட்டுக்கு வந்து, கொல்லையில் குளித்துவிட்டு, அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அவள் சந்தோஷத்தில் சமையலறைக்குள் போய் அழுதாள்.

எத்தனை பேரை அடக்கம் செய்தார் என்று ஊருக்குக் கணக்குத் தெரியாது. இந்து, முஸ்லிம், ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்தவர்கள் என்று யாரையும் அவர் விடவில்லை. ஜமாஅத்தில் சால்வை போட்டார்கள். குழந்தைகள்கூட அவரைப் பார்த்து எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். பச்சையப்பன் ஜமாஅத் வாங்கிய வேனுக்கு டிரைவராகச் சேர்ந்தான். நோயாளி இருந்தால் அது ஆம்புலன்ஸ், மய்யித்து இருந்தால் ஜனாஸா வண்டி.

பிறகு கொரோனா ஓய்ந்தது. ஷபீ அஹமது கடைக்குத் திரும்பினான், பையன்கள் ஷூ கம்பெனிக்குத் திரும்பினார்கள். ஊர் தப்பித்துக்கொண்டது. வக்கார் அகமதுதான் மாட்டிக்கொண்டார். சாவு பழையபடி எப்போதாவது வரும் விருந்தாளி ஆகிவிட்டது. இரண்டு மூன்று நாள் போன் வராவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். விசிறியை அண்ணாந்து பார்க்க ஆரம்பிப்பார். நசீமுன்னிசா ஸ்டூலைக் கூடத்து மூலைக்குத் தள்ளி வைப்பாள். ஒரு போன் வராதா என்று அவளே ஏங்கியிருக்கிறாள். அப்படி ஏங்கினால் என்ன அர்த்தம் என்று புரிந்ததும் தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள்.

காத்திருக்கத் தெரியாதவர் தேடிப்போக ஆரம்பித்தார். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போவது நல்ல காரியம்தானே, யார் குறை சொல்ல முடியும்? ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவார். சலாம் சொல்லி நோயாளியின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார். பற்றிய கையின் மேல் அவருடைய கட்டைவிரல் மெல்ல உருளும்.

"பேக்கரிக்காரருக்குத் தோல் விட்டுடுச்சு நசீமா" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"விட்டுடுச்சுன்னா?"

"சதையோட ஒட்டாம நிக்குது. இன்னும் ஜாஸ்தி நாள் இல்ல."

பேக்கரிக்காரர் அந்த மாதமே போய்விட்டார். அடுத்து பூ மார்க்கெட் தெருவில் ஒரு கிழவர். அதுவும் அவர் சொன்னபடியே. தொண்ணூறைத் தொட்ட சர்க்கரை நோயாளி செத்துப்போவதைச் சொல்லக் கட்டைவிரல் எதற்கு? ஆனால் ஊருக்குப் பயம் வந்துவிட்டது. ஆட்கள் அவரைக் கண்டால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறி, தூரத்திலிருந்தே சலாம் சொன்னார்கள். தாய்மார்கள் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தார்கள். அவருக்கு அது மரியாதையாகப் பட்டது.

வீட்டில் நசீமுன்னிசாவும் தன் கையை அவருக்குக் கொடுக்கவில்லை. தட்டை நீட்டும்போது விளிம்பைப் பிடித்தாள். டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். முதுகு வலி என்று சொல்லி உமைமாவின் பழைய அறையில் படுத்துக்கொண்டாள். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. ஊரில் எந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்த மனுஷனுக்குத் தன் வீட்டில் ஒருத்தி நோயோடு படுத்திருப்பது தெரியவில்லை.

கலீமுல்லாவின் விஷயம் நடந்தது அதற்குப் பிறகுதான். கலீமுல்லா அவருடைய பால்ய தோஸ்த். இருவரும் தினமும் அஸர் தொழுதுவிட்டு பைபாஸ் ஓர டீக்கடையில் உட்காருவார்கள். கொஞ்ச நாளாகக் கலீமுல்லாவுக்கு மாடி ஏறினால் நெஞ்சை அடைத்தது. ஒருநாள் விடைபெறும்போது வக்கார் அகமது வழக்கம்போலக் கையைப் பிடித்தார். கட்டைவிரல் உருண்டது. உருண்டு, நின்றது.

"இன்னாடா?" என்று கேட்டார் கலீமுல்லா.

"ஒண்ணும் இல்ல. யாருக்காவது இன்னா குறை வெச்சிருந்தாலும் மன்னிப்பு கேட்டு முடிச்சிக்க."

இரண்டாம் நாள் கலீமுல்லாவின் மனைவி சைரா புர்காவைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தாள். நசீமுன்னிசாவின் மடியில் விழுந்து கதறினாள்.

"ஆபா, உங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சிட்டு வந்ததுலருந்து அவரு மாத்திரை போடல. சாப்பிடல. ஜம்ஜம் தண்ணியக் கொடுன்னு கேட்டுட்டு, சாகப்போறவங்க மாதிரி கிப்லா பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. வக்கார் சொல்லிட்டான், இனிமே எதுக்கு மாத்திரைன்றாரு. அவரை வந்து பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க ஆபா!"

அவர் வந்ததும் நசீமுன்னிசா வாசலிலேயே மறித்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சத மறைச்சிப் பொய் சொல்லச் சொல்றியா? அவன் தயாரா போறான், நல்லதுதானே. எத்தனை பேருக்கு அது கிடைக்குது?"

"உங்க தோஸ்துங்க அவரு!"

"அதனாலதான் நானே கூட இருந்து எல்லாம் செய்யப்போறேன்" என்றார். அவருக்கு உண்மையிலேயே துக்கம்தான், அதில் சந்தேகமே இல்லை. துக்கத்துக்கு மேலே அந்த மலர்ச்சியும் இருந்தது.

அவள் சைராவுக்குப் போன் போட்டு, யாரையும் கேட்காதே, தூக்கி வேனில் போடு என்று சொன்னாள். பச்சையப்பன் வேலூருக்கு விரட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வாரத்தில் கலீமுல்லா தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தார். சைரா தெரு முழுவதும் மக்கன் பேடா கொடுத்தாள். வக்கார் அகமதுவுக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது.

அவர் அதை வாயில் வைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பன் பிழைத்துவிட்டான், இந்த மனுஷன் முகம் வாடிப்போயிருந்தது. நசீமுன்னிசா அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

உள்ளே கண்ணாடி முன்னால் ரவிக்கையை விலக்கிப் பார்த்தாள். கட்டிக்கு மேலிருந்த தோல் மாறியிருந்தது. மொழுமொழுவென்று இருந்த இடம் புள்ளிபுள்ளியாகக் குழிவிழுந்து தடித்திருந்தது. கல்யாணமான புதிதில் அவர் ஓர் ஆட்டுத்தோல் துண்டைக் கொண்டுவந்து, முடி இருந்த துளைகளைக் காட்டி, இதுதான் கிரெயின் என்று பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. அதேதான். இனிமேலும் பொத்தி வைத்தால் மகளுக்குச் சாவுச் செய்தி மட்டும்தான் போகும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பச்சையப்பனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவருக்குத் தெரிய வேணாம்."

"இந்த வண்டிலயாம்மா? நேத்துதான் வாணியம்பாடில ஒரு பாடிய எறக்கிட்டு வந்தேன். வேற ஆட்டோ எதுனா பாக்கட்டா?"

"உங்களத் தவிர வேற யாரையும் எனக்குத் தெரியாதுண்ணே."

முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். பின்னால் காலியான ஸ்ட்ரெச்சர் பள்ளம் வரும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது. வண்டிக்குள் கற்பூர வாசனை. பள்ளிகொண்டா தாண்டிய பிறகு பச்சையப்பன், "பாய் தோள் மேலதான் சௌந்தரம் சுடுகாட்டுக்குப் போனாம்மா. அவருக்குத் தெரியாம ஒண்ணு செய்ய எனக்கு மனசே வரல" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததுமே உதட்டைக் கடித்தாள். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வர நாளாகும், ஆனால் பார்த்தாலே தெரிகிறது என்றாள். "முதல்ல மருந்து ஏத்தணும், அப்புறம் ஆபரேஷன். பயப்படாதீங்க, இன்னும் கை மீறல. ஆனா இத்தனை மாசம் ஏம்மா சும்மா இருந்தீங்க? வீட்டுக்காரர் கவனிக்க மாட்டாரா?"

"அவரு நல்லா கவனிப்பாரு" என்றாள் நசீமுன்னிசா.

திரும்பி வரும்போது அவளுக்குத் தலை சுற்றியது, இறங்கித் தெருவில் நடக்க முடியாது. பச்சையப்பன் வேனை நேராக வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். அதுதான் தப்பாகப் போயிற்று. ஜனாஸா வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் இந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் உள்ளே போய்க் கட்டிலில் சாய்வதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையை மூடிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரோ பாய் விரித்தார்கள். யாரோ ஷபீ அஹமதுவுக்குச் சொல்லிவிட்டார்கள். ஷபீ அஹமது வழக்கம்போல வக்கார் அகமதுவையே கூப்பிட்டு, வீட்டு முகவரியை மட்டும் சொல்லக் கூச்சப்பட்டு, "வேன் நிக்குற எடத்துக்கு வாங்க பாய்" என்றிருக்கிறான்.

வக்கார் அகமது வேகவேகமாக வந்தார். அன்றைக்குப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியே போயிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வீட்டு வாசற்படியிலேயே ஏறினார். பழக்கத்தில், எந்த வீடு என்று பார்க்கவில்லை. வந்த வேகத்தில் முகத்தைச் சரிசெய்யவும் மறந்துவிட்டார். கூடத்துக்குள் வந்து நின்ற அந்தக் கணத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் கட்டிலில் இருந்த நசீமுன்னிசா.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தன் மேஜை, தன் ஜன்னல், ஆணி. முகம் அப்படியே நின்றது. மலர்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அது அவர் வாயோரத்தில் தொங்கியது. இத்தனை மாதம் அவள் எதைப் பார்க்கப் பயந்தாளோ அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு ஏனோ பயம் விட்டுப்போயிற்று, அழுகை மட்டும் மிச்சம் இருந்தது.

"மார்புல கட்டி. கேன்சர்ன்றாங்க. இன்னும் உயிரோடதான் இருக்கேன், பையை வெளிய வெச்சிட்டு வாங்க" என்றாள். "ஊரையே குளிப்பாட்டினீங்க. என்னைக் குளிப்பாட்ட முடியாது, தெரியும்ல? நம்ம முறைல பொண்டாட்டி மௌத்தாயிட்டா புருஷன் தொடக்கூடாது. பாக்கலாம், அவ்ளோதான். தொடணும்னா இப்ப தொட்டுக்குங்க."

அவள் கையை நீட்டினாள். பை அவர் தோளிலிருந்து நழுவி விழுந்து, அத்தர் பாட்டில் உடைந்தது. வக்கார் அகமது கட்டிலோரம் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நசீமுன்னிசாவுக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் பிறகு பாத்திரச் சத்தம் கேட்டு அவள் விழித்தாள். சமையலறையில் வக்கார் அகமது ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டிருந்தார். தோலையும் மய்யித்தையும் தவிர எதையும் தொடாத கை இஞ்சி நசுக்கியது. போன் அடித்தது. எடுத்து, "வேற யாரையாவது பாருங்க, எனக்கு வீட்ல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மருந்து ஏற்றும் நாளெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்தார். அவள் வாந்தி எடுக்கும்போது கையை ஏந்தினார். முடி கொட்டியபோது அவரே தலையை மழித்து, நல்லெண்ணெய் தடவி, பருத்தித் துப்பட்டா கட்டிவிட்டார். ஒரு மார்பை எடுத்த பிறகு புண்ணைக் கழுவிக் கட்டுப்போட அவரே கற்றுக்கொண்டார். ஊர் அசந்துபோயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்களே, கட்டினால் இப்படி ஒருத்தரைக் கட்ட வேண்டும் என்றார்கள். கலீமுல்லாகூட மன்னித்து, வந்து கையைக் கொடுத்துவிட்டுப் போனார். "அப்பா மாதிரி யாருக்கு அமையும் அம்மி?" என்று வாலாஜாபேட்டையிலிருந்து உமைமா போனில் அழுதாள்.

"ஆமாம்மா" என்றாள் நசீமுன்னிசா.

அவளும் அப்படித்தான் நினைத்தாள், கொஞ்ச காலம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிடைக்காதது இப்போது கிடைத்தது. அவர் அவளைப் பார்த்தார், அவளோடு பேசினார். ஒருநாள் சூப் கிண்ணத்தோடு அறைக்குள் வந்தவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். முந்தின ராத்திரி முழுவதும் காய்ச்சலில் அனத்தியிருந்தாள். "ஜுரம் ஜாஸ்தி ஆய்டுச்சா? இரு, இரு, நான் இருக்கேன்ல" என்று அருகே வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே மலர்ச்சி. சூப்பைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

கதிர் வைத்தியமும் முடிந்து, அடுத்த ரம்ஜானும் வந்து போனது. கடைசிப் பரிசோதனைக்கு வேலூர் போனார்கள். டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எல்லாம் சுத்தமா இருக்கு. மாத்திரை போட்டுக்கிட்டு, கூப்பிடும்போது வந்து காட்டினா போதும். இனிமே உங்க வேலைய நீங்களே பாருங்க. பாவம், சாருக்கும் ரெஸ்ட் கொடுங்க."

ரெஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நசீமுன்னிசா அவர் பக்கம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஆம்பூர் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கையைத் தானாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதம் மடக்கி வைத்திருந்த கட்டைவிரலை நீட்டி, அவள் புறங்கையின் மேல் மெல்ல உருட்டினார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை.

"இன்னா தெரியுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார். கையை அவள் மடியிலேயே திரும்ப வைத்தார், தரம் பார்த்து முடித்த தோலை வைப்பதுபோல.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். வெகு நாளைக்குப் பிறகு தானே அடுப்பைப் பற்றவைத்தாள். உடம்பு லேசாக இருந்தது, பசித்தது. வெங்காயம் வதங்கும் வாசனை அவளுக்கு அத்தனை பிடித்திருந்தது. உயிரோடு இருப்பது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது, வேறு எந்தக் காரணமும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. பாட்டு வராத குறைதான்.

"சாப்பாடு ரெடி" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். விசிறி ஓடவில்லை. ஓடாத விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் மூலையில் இல்லை, கட்டிலுக்கு அருகே இருந்தது.

"ஸ்டூலை ஏன் எடுத்தீங்க?"

"தூசியா இருக்கு. தொடைக்கலாம்னு."

நசீமுன்னிசா கரண்டியோடு நின்றாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. தெருவில் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு காரணம் கொடு என்று ஐந்து வேளையும் தானே கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. கரண்டியை மேஜையில் வைத்தாள். ஆறி, தழும்பு ஏறி, வலி என்பதே மறந்துபோன இடது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க வலிக்குது."

"எங்க?" அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இங்கதான். ரொம்ப வலிக்குதுங்க. டாக்டர்கிட்ட சொல்லாம வந்துட்டேன்."

"நான் நெனச்சேன்! நீ நிக்காத, வந்து படு. அடுப்ப நான் பாத்துக்கிறேன், எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று செருப்பைத் தேடாமல் ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டார் வக்கார் அகமது. அவர் முகம் மலர்ந்திருந்தது.